உள்ளே ஆள் இருக்குது

கோழியைப் பிடிக்கும்போதுகூட அந்த அக்கா சொல்லிவிட்டுத்தான் பிடிப்பார். "கை வெக்கறேன் சாமி" என்று சொல்லிக் குனிந்து நிற்பார். கோழி தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்த பிறகுதான் கையை நீட்டுவார். எங்கள் வாசலில் லாரிக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டான்.

"ஏனுங்கக்கா, கோழி சரின்னு சொல்லிப்போட்டுதுங்களா?"

"அதுக்கு உன்னையாட்டம் வாய் கெடையாது. ஓடாம நின்னா சரின்னு அர்த்தம். நீ உன்ற வேலையப் பாரு, 'துணை'க்குக் கொம்பு வெக்காம உட்டுட்ட."

அவன் திரும்பிப் பார்த்தான். உண்மையிலேயே விட்டிருந்தான்.

சங்ககிரியில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஆறு குடித்தனம், பக்கத்தில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை. நான் முதல் வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மூன்றாவது வீடு. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். லாரி ஓட்டிய கணவர், மகள் நடை பழகுவதற்குள் செத்துப்போனார். அக்கா வீட்டிலேயே ராட்டை போட்டுத் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்து அந்த மகளை வளர்த்து, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற ஒரு பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்.

யாரையும் சொல்லாமல் தொடமாட்டார். யாரும் தன்னைச் சொல்லாமல் தொடவும் விடமாட்டார். நான் டேப்பைக் கையில் எடுத்தாலே இரண்டு எட்டு பின்னால் போய்விடுவார். அளவு ஜாக்கெட் ஒன்று வைத்திருந்தார். அக்குளில் கிழிந்து, முதுகில் நைந்து, பிடித்தால் கையோடு வந்துவிடுகிற மாதிரி இருக்கும். "இன்னும் ஒருக்கா அளவெடுத்துக்கலாங்கக்கா, நீங்க இளைச்சுட்டீங்க" என்றால், "லூசா இருந்தா காத்து வரும், போ அம்மிணி" என்பார்.

வளையல்காரரிடம் சோப்பு நுரையை வாங்கி வளையலைத் தானே போட்டுக்கொள்வார். கோயிலில் திருநீற்றைக் கையை நீட்டி வாங்கித் தானே பூசிக்கொள்வார். பஸ்ஸில் கூட்டம் என்றால் ஏறமாட்டார். அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ், அதிலும் கூட்டம் என்றால் நடை. திருச்செங்கோட்டுக்கு ஒருமுறை நடந்தே போய்விட்டுக் கால் வீங்கி வந்தார். "ஏனுங்கக்கா இப்படி?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது இன்னமும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"உள்ள ஆளு இருக்குது அம்மிணி. ஊடுன்னா தட்டிட்டுத்தான வருவீங்க? ஒடம்புன்னா மட்டும் எதுக்குக் கேக்காம நொழையறீங்க?"

காய்ச்சலுக்கு ஊசி போடப் போனால் கம்பவுண்டர் மூன்று எண்ணிவிட்டுத்தான் குத்த வேண்டும். அந்த ஆளும் சிரித்துக்கொண்டே எண்ணுவார். ஒருநாள் விளையாட்டுக்கோ அவசரத்துக்கோ, "ஒண்ணு, ரெண்டு" என்றதுமே குத்திவிட்டார். அக்கா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பின்னால் ஒரு மழைக்காலம் பூராவும் இருமினார். மருந்து வாங்கலாம் வாங்க என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "அவன் ரெண்டுலயே குத்திப்போட்டான்" என்றார்.

கிறுக்கு என்றுதான் லைன் வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவர் மேல் அவ்வளவு பிரியம் வைத்திருந்த நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து அந்தக் கடிதம் வருகிறவரை.

மகளுக்கு முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. இப்போது இரண்டாவது. ஏழாம் மாதத்திலேயே ரத்தம் பட்டு, படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மருமகனுக்கு ஷிப்ட் வேலை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அக்காவுக்குக் கண் சரியில்லாததால் கடிதத்தை நான்தான் படித்தேன். "அம்மா, போன தடவை நீ இல்லை. இந்தத் தடவையும் நீ இல்லாவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன்" என்று கடைசியில் எழுதியிருந்தது. அக்கா அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார். இன்னொரு முறை. பிறகு கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ராட்டைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். சுற்றவில்லை.

மருமகன் ஏற்கனவே பாஸ்போர்ட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தார். விசாவும் டிக்கெட்டும் பின்னாலேயே வந்தன. முன்பெல்லாம் மெட்ராஸிலிருந்து கப்பல் போகும். அது நின்றுபோயிருந்த சமயம். விமானத்தை விட்டால் வழியில்லை. துணைக்குப் போகவும் ஆளில்லை.

போர்வெல் லாரி வைத்திருந்த ஒருவர் எங்கள் தெருமுனையில் இருந்தார். இரண்டு தடவை பம்பாய்க்கு விமானத்தில் போனவர். விவரம் கேட்கலாம் என்று நான்தான் அக்காவைக் கூட்டிப்போனேன். அவரும் ஆசையாகத்தான் சொன்னார்.

"பயப்படாதீங்கக்கா, பஸ்ஸாட்டந்தான். ஏறறதுக்கு முன்னால செக்கிங் மட்டும் இருக்கும். பொம்பளைங்களத் திரைக்குப் பின்னால கூட்டிட்டுப் போவாங்க. பொம்பளை போலீசு ஒடம்பு பூராத் தடவிப் பாப்பாங்க. கையில ஒரு மிசின் இருக்கும், இரும்பு எதாச்சும் இருந்தாக் கத்தும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி கத்தாதுங்க."

"ஒண்ணுமே இல்லாட்டி?"

"ஒண்ணுமே இல்லாட்டி எதுக்குங்கக்கா கத்தப்போகுது?"

திரும்பி வருகிற வழியில் அக்கா சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிக்கொடுக்கக் கை போய்விட்டது. நல்ல வேளை, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானம் அவராகவே என் வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். சுவரில் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் மெஷினின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கணவர் போன பிறகு அக்கா ஒரு நூல் மில்லில் வேலைக்குப் போயிருந்தார். எழுபதுகளின் தொடக்கம். ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வரும்போது நூலோ பஞ்சோ எடுத்துப் போகிறார்களா என்று பார்க்கக் கேட்டில் ஒரு செக்கிங்காரம்மா நிற்பாள். கொண்டையை அவிழ்த்து உதற வேண்டும், சோறு கொண்டுவந்த தூக்குப்போசியைத் திறந்து காட்ட வேண்டும், கையைத் தூக்கிக்கொண்டு "எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்ல வேண்டும். தினமும் சொல்லிச் சொல்லி அது வணக்கம் போடுகிற மாதிரி ஆகியிருந்தது. ஒருநாள் வேலைக்கு நடுவில் அக்காவுக்குத் தூரமாகிவிட்டது. துணி கொண்டுவரவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அங்கே எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கீழே விழுந்து கிடந்த கழிவுப் பஞ்சில் ஒரு பிடி எடுத்து வைத்துக்கொண்டார்.

"கேட்டுல கையத் தூக்கிட்டு, ஒண்ணும் இல்லீங்கன்னேன். வாய் பழக்கத்துல சொல்லிருச்சு. அவ சொல்லாமக் கொள்ளாமக் கைய உட்டுட்டா."

டைம் ஆபீஸ் மேஜையில் ஒரு காகிதத்தை விரித்து, அதில் அந்தப் பஞ்சை வைக்கச் சொன்னார்களாம். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பேரும் நம்பரும் எழுதினாராம். அடுத்த ஷிப்டுக்கு வந்த ஆண்கள் அந்த மேஜையைத் தாண்டித்தான் உள்ளே போனார்களாம்.

"எழுதறவன் கேட்டான், ஒண்ணும் இல்லைன்னு எதுக்குப் பொய் சொன்னேன்னு. எனக்கு பதில் தெரியல அம்மிணி. இன்னைக்கும் தெரியல."

மறுநாள் அவர் மில்லுக்குப் போகவில்லை. பாக்கிச் சம்பளத்தையும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் மகளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"இப்ப அவ கூப்புடறா. நான் அந்தத் திரைக்குள்ள போவோணும். போனா மிசின் கத்தும். எங்கிட்ட ஒண்ணுமே இல்லாட்டியும் கத்தும். எனக்குத் தெரியும்."

பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நாங்கள் ஒத்திகை பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் அவர் மேலிருந்த உலோகத்தையெல்லாம் எடுத்தோம். ஜாக்கெட்டில் கொக்கிகளை வெட்டி எறிந்துவிட்டு நாடா வைத்துத் தைத்தேன். ஊக்கு கூடாது, கொண்டை ஊசி கூடாது. மூக்குத்தியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அந்தச் சின்ன ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு, "இதுல எதாச்சும் ஒட்டிட்டிருக்குமா?" என்று கேட்டார். பெட்டிப் பூட்டுக்குப் பதில் கயிறு.

பிறகு மெஷின். எங்களிடம் ஏது? என் மர அடிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு நான்தான் பொம்பளை போலீஸ். முதல் நாள் ஒரு முழம் தள்ளிக் காற்றில்தான் ஓட்டினேன். அதற்கே அவர் உடம்பு வியர்வையில் நனைந்துவிட்டது. மூன்றாம் நாள் அடிக்கோல் சேலையில் பட்டது. "தோளுங்கக்கா" என்று சொல்லித் தோள். "முதுகுங்கக்கா" என்று சொல்லி முதுகு. இடுப்பு என்று சொல்லும்போது மட்டும் சுவரோடு போய் ஒட்டிக்கொள்வார். திரும்ப முதலிலிருந்து. நடுநடுவே சிரிப்பும் வந்தது. "போலீசு இப்படியா மூக்க உறிஞ்சும்? மிடுக்கா நில்லு அம்மிணி" என்று என்னைத் திட்டுவார்.

எட்டாம் நாள் என் கை அவர் இடுப்பில் பட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மகள் பேரை முணுமுணுத்தபடி நின்றார். நான் கையை எடுத்ததும் பொத்தென்று தரையில் உட்கார்ந்து, "எத்தன வருசமாச்சு தெரியுமா?" என்றார். மகளையும் ஊசி போட்ட கம்பவுண்டரையும் தவிர அவர் மேல் கை வைத்த ஆள் அத்தனை வருஷத்தில் நான் ஒருத்திதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

கடைசி இரண்டு நாளில் அவர் சோற்றைத் தொடவே இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து சேலையை உதறுவார், மடியைத் தடவுவார், மறுபடி உதறுவார். "ஒண்ணும் இல்லதான?" "ஒண்ணும் இல்லைங்கக்கா." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. இப்படியே போனால் மெட்ராஸ் போய்ச் சேருவதற்குள் விழுந்துவிடுவார் என்று எனக்குப் பயம் வந்தது. பூசாரி ஒருவரிடம் போய் அழுதேன். அவர் ஒரு செப்புத் தகட்டை மந்திரித்து, பீடியளவுக்குச் சுருட்டிக் கொடுத்தார். உடம்போடு இருந்தால் போதும், ஒன்றும் அண்டாது என்றார்.

அக்காவிடம் சொன்னால் வேண்டாம் என்பார். அது எனக்குத் தெரியும். இரும்புதானே கத்தும், இது செம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கட்டிக்கொண்டு போகிற உள்பாவாடையின் அடிமடிப்பைப் பிரித்து, தகட்டை உள்ளே வைத்து, தெரியாதபடி நெருக்கமாகத் தையல் போட்டேன். என் கைக்கு அன்றைக்கு அத்தனை நேர்த்தி வந்தது.

மீனம்பாக்கத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்பு வரை நானும் போனேன். பிற்பகல் விமானம். கயிறு கட்டிய பெட்டியைப் போட்டுவிட்டு, கையில் ஒரு துணிப்பையோடு அக்கா திரும்பிப் பார்த்தார். நான் "தோள், முதுகு, இடுப்பு, அவ்வளவுதான்" என்று சைகை காட்டினேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வெள்ளைக்காரர்களுக்கும் பட்டுச்சேலைகளுக்கும் நடுவில் நாடா வைத்த ஜாக்கெட்டோடு அவர் முதுகு போவது கொஞ்ச நேரம் தெரிந்தது.

அரை மணி நேரம் இருக்கும். விமானக் கம்பெனிச் சேலை கட்டிய ஒரு பெண் வேகமாக வந்தாள். "சங்ககிரி அம்மாகூட வந்தது யாருங்க? சீக்கிரம் வாங்க. இன்னும் இருபது நிமிஷந்தான் இருக்கு" என்றாள்.

தடுப்புகளைத் தாண்டி ஒரு திரைக்குள் என்னைக் கூட்டிப்போனாள். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு, "எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க, சத்தியமா ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காக்கிச் சேலை கட்டிய ஓர் அம்மா மெஷினைத் தாழ்த்திப் பிடித்தபடி தள்ளி நின்றார்.

"நான் இன்னும் தொடவே இல்லம்மா" என்று அவர் என்னிடம் சொன்னார். "கால்கிட்ட மெஷின் கத்துச்சு. என்ன இருக்குன்னுதான் கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னு சொல்லி உக்காந்தவங்கதான். என்னன்னு தெரியாம நான் விட முடியாது. ஏதாவது இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாமா என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். என்ன பொய் சொல்வது?

"நாந்தாங்க வெச்சேன். பாவாடை மடிப்புல. சாமி தகடுங்க."

அக்காவின் முணுமுணுப்பு நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீயா?"

"செம்புதாங்கக்கா. இரும்பில்ல. செம்பு கத்தாதுன்னு..."

"என்ற மேல ஒண்ணும் இல்லைன்னு நீதான சொன்ன. எத்தன தடவ கேட்டேன் உன்னைய?"

பல்லால் கடித்தாவது பிரித்துவிடலாம் என்று அவர் காலடியில் மண்டியிட்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"நீ வேண்டாம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காசு சரியாக இருக்கிறது, மீதி வேண்டாம் என்கிற மாதிரி சொன்னார்.

காக்கிச் சேலைக்கார அம்மா மெஷினை ஸ்டூலில் வைத்துவிட்டு அவருக்கு எதிரே குத்த வைத்து உட்கார்ந்தார். "நான் பிரிக்கட்டுமா? பாவாடை ஓரத்த மட்டும் பிடிக்கிறேன். கால்ல என் கை படாது. பட்டா, சொல்லுங்க, எடுத்துடறேன்" என்றார். அக்கா அவர் முகத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விமானக்காரப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் அக்கா பாவாடை ஓரத்தைத் தானே இழுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார்.

என் தையல் சீக்கிரத்தில் பிரியவில்லை. யாரிடமிருந்தோ பிடுங்கி வைத்திருந்த ஒரு நகவெட்டியால் அந்த அம்மா ஒவ்வொரு இழையாக நறுக்கினார். தகடு தரையில் விழுந்து உருண்டது.

"இனிமே முழுசாப் பாக்கணும். எழுந்திரிங்க. முதல்ல தோளுக்கு வரேன்."

அக்கா சுவரைப் பிடித்து எழுந்தார். இரண்டு கையையும் விரித்தார். கண்ணை மூடவில்லை. அந்த அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் விமானக்காரப் பெண் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடி ஓரத்திலேயே நின்றேன். விமானம் போய்விட்டது என்றார்கள். ஒரு அம்மாவை இறக்கிவிட்டார்களா என்று பார்த்தவர்களையெல்லாம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஊருக்கு வந்து பதினொரு நாள் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மருமகன் எழுதிய கடிதம் வந்தது. அத்தை சுகமாக வந்து சேர்ந்தார். ஆண் குழந்தை, எடை குறைவு, கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, உயிருக்கு ஆபத்தில்லை. தாயும் பிழைத்துக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து அக்கா திரும்பினார். எனக்கு நைலக்ஸ் சேலையும் தைலமும் வாங்கி வந்திருந்தார். பேரனுடைய போட்டோவைக் காட்டினார். அங்கே கோழியைத் தோல் உரித்துப் பையில் போட்டு விற்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். மூக்குத்தியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. தைரியம் வந்து, "எம் மேல கோவமாங்கக்கா? நல்லதுக்குன்னுதான் செஞ்சேன்" என்றேன்.

"கோவமெல்லாம் இல்ல" என்றார். "அந்தக் கேட்டுல நின்னாளே, அவளும் பொறகால ஒருக்கா என்னையச் சந்தையில பாத்து அப்படித்தான் சொன்னா. உன்ற நல்லதுக்குத்தான் அன்னைக்கு அதோட உட்டேன், வேற ஒருத்தியா இருந்தாப் போலீசுக்குப் போயிருப்பான்னு."

அதற்குப் பிறகும் என்னிடம்தான் துணி கொடுத்தார். பேசினார், சிரித்தார், குழம்பு செய்தால் கிண்ணத்தில் கொண்டுவந்தார். கிண்ணத்தை என் கையில் கொடுக்காமல் மெஷின் பலகையில் வைத்துவிட்டுப் போவார்.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒருநாள் தைத்து முடித்த ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனால் மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா முறத்தில் கடலைப்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா எங்கீங்க?"

"சிங்கப்பூருக்குப் போயிருக்குது. மக மறுபடியும் முழுகாம இருக்கறாளாமே. நேத்தே கெளம்பிருச்சு. மெட்ராஸுக்கு யாராச்சும் துணைக்கு வரட்டுமான்னு என்ற ஊட்டுக்காரரு கேட்டாரு. வேண்டாம், தனியாவே போய்க்குவேன், எனக்கு வழி தெரியும்னு சொல்லிப்போட்டுது. பெட்டியத் தூக்கிட்டு ரோட்டுக்கு நடக்கறத நாந்தான் பாத்தேன்." அவள் புடைப்பதை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், உங்கிட்டச் சொல்லலியா?"

ஜாக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சொன்னாங்க, சொன்னாங்க" என்றேன்.